பக்கத்து வீட்டுப் புல்லும் நம் தூக்கமும்

வீடு, தோட்டம் சம்பந்தமாகக் கேள்வி அனுப்பச் சொல்லி போன இதழில் கேட்டிருந்தேன். அமெரிக்காவிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சொந்தத் தோட்டத்தைப் பற்றியே இல்லை, பக்கத்து வீட்டு லான் என்கிற புல்தரையைப் பற்றித்தான். சத்தம், வீணாகப் போகிற தண்ணீர், உரம், இலை, குடியிருப்போர் சங்கத்துக் கடிதம் என்று ஆளுக்கொரு மனக்குறை. நான் டாலஸ் பக்கம் 18 வருடமாகக் குடியிருக்கிறவள், இதில் முக்கால்வாசியை நானும் பட்டிருக்கிறேன், அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுக்க இதற்கே.

அக்கா, நான் லாஸ் ஏஞ்சலஸில் நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் இரவுப் பணி. காலை எட்டரைக்கு வந்து படுத்தால் பத்து மணிக்கு, இலையைக் காற்றால் ஊதித் தள்ளுகிற லீஃப் ப்ளோயர் ஆரம்பித்துவிடும். திங்கள் இடப்பக்கத்து வீடு, புதன் எதிர்வீடு, வெள்ளி வலப்பக்கத்து வீடு, மூன்றுக்கும் வேறு வேறு ஆட்கள். ஜன்னலை அடைத்தாலும் காதில் பஞ்சு வைத்தாலும் நெஞ்சுக்குள் அதிர்கிறது. கலிபோர்னியாவில் பெட்ரோல் ப்ளோயரைத் தடை செய்துவிட்டார்கள் என்று படித்தேனே, அப்புறம் எப்படி ஓட்டுகிறார்கள்? போலீஸைக் கூப்பிடலாமா?
– இரவுப் பணி வாசகி, லாஸ் ஏஞ்சலஸ்

இரவெல்லாம் நோயாளிகளோடு நின்றுவிட்டு வருகிறவருக்கு இரண்டு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்கவில்லை என்றால் அது சின்ன விஷயமே இல்லை. இதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் படித்தது விற்பனையைப் பற்றிய சட்டம். 2021 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். அதன்படி 2024 மாடலிலிருந்து கலிபோர்னியாவில் விற்பனைக்கு வரும் ப்ளோயர், புல் வெட்டும் மோவர் போன்ற சின்ன எந்திரங்கள் புகை விடாதவையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதை ஓட்டக் கூடாது என்று அதில் இல்லை. உங்களுக்கு உதவுவது வேறு, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் சொந்தச் சட்டம், 1998-லேயே நடைமுறைக்கு வந்தது: குடியிருக்கும் வீட்டிலிருந்து 500 அடிக்குள் பெட்ரோல் ப்ளோயரை ஓட்டக் கூடாது. நீங்கள் நகர எல்லைக்குள் இருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் ஒட்டியே இருக்கும் சின்ன ஊர்களுக்கு விதி வேறு. எல்லைக்குள் என்றால் மூன்று வீடுமே அதில் மாட்டும். புகார் சொல்ல போலீஸ் வேண்டாம், நகர நிர்வாகத்தின் தொலைபேசி எண் 311 போதும். ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்தச் சட்டம் இருந்தும் ப்ளோயர் தினமும் ஓடத்தானே செய்கிறது. ஒரு வீட்டில் இருபது நிமிட வேலை, யாராவது வந்து பார்ப்பதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

பஞ்சுக்கு ஏன் அடங்கவில்லை என்றால், பெட்ரோல் ப்ளோயரின் சத்தத்தில் தாழ்ந்த சுருதி அதிகம், அது சுவரையும் கண்ணாடியையும் தாண்டி வரும், வெகுதூரமும் போகும். பாட்டரியில் ஓடுவதன் சத்தம் கீச்சென்று மேலே இருக்கும், தூரத்துக்கும் சுவருக்கும் சீக்கிரம் அடங்கிவிடும். தூங்கும்போது ஒரு பெரிய ஃபேனை முழு வேகத்தில் கட்டிலருகே வையுங்கள், அந்த அதிர்வை அது ஓரளவாவது மறைக்கும். இன்னொன்று புகை. இவற்றில் பெரும்பாலானவை பழைய ஸ்கூட்டர் மாதிரி பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள், ஊற்றியதில் ஒரு பங்கு எரியாமலேயே வெளியே வருகிறது. ஒரு மணி நேரம் ப்ளோயரை ஓட்டினால் வருகிற, புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசு, 2017 மாடல் டொயோட்டா கேம்ரியை 1,100 மைல் ஓட்டினால் வருவதற்குச் சமம் என்று கலிபோர்னியா காற்றுவள வாரியமே கணக்குப் போட்டிருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து டென்வர் வரைக்கும் காரில் போகிற தூரம் அது.

இந்தச் சத்தத்தையும் புகையையும் அதிகம் குடிப்பது ப்ளோயரை முதுகில் மாட்டியிருக்கிற ஆள்தான். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரத்துக்கு மேல் காது தாங்காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 94-க்கு வந்தால் ஒரே மணி நேரம்தான். முதுகில் மாட்டும் பெட்ரோல் ப்ளோயர்கள் பல அதையும் தாண்டும், அவர்கள் நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். 1998 ஜனவரியில் உங்கள் ஊர் நகர மன்றத்தின் முன்னால் லத்தீன் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், அந்த 500 அடித் தடையை எதிர்த்து. துடைப்பத்தால் செய்தால் ஒரு நாளைக்கு முடிக்கிற வீடுகள் குறையும், கூலி குறையும் என்பது அவர்கள் பயம், அதில் நியாயம் இருந்தது. அதனால் ஜன்னலைத் திறந்து அந்த ஆளிடம் கத்த வேண்டாம். எப்போது வர வேண்டும், எதைக் கொண்டு வர வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் அவர் இல்லை.

முடிவு செய்கிறவர் வீட்டுக்காரர். அவர் திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருக்க மாட்டார். இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. என் எதிர்வீட்டுக்கு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒரு ஜூலை மாதம் ஜன்னலில் நின்று பார்த்தேன், மரத்திலிருந்து ஒரு இலைகூட விழாத மாதம். காய்ந்த டிரைவ்வேயில் கிடந்த கைப்பிடிப் புல்துணுக்கை ஒருவர் தெருவுக்கு ஊதித் தள்ளினார், தெருவில் வந்த கார் காற்றில் பாதி திரும்பி வந்தது, அதை மறுபடியும் ஊதினார், இப்படியே கால் மணி நேரம். எனக்கு அந்த வீட்டுக்காரர் மேல் அப்படி ஒரு கோபம், இரண்டு வருடம் பார்த்தால் தலையைக்கூட அசைக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் தபால் பெட்டிப் பக்கம் நேருக்கு நேர் பார்த்தபோது கேட்டேவிட்டேன். அவர் ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவராம். "மாதம் இரண்டு தரம், மதியம் வருகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்" என்றார், முகத்தில் நிஜமான அதிர்ச்சி. அந்த வாரமே நேரத்தை மாற்றினார், இலை இல்லாத மாதத்தில் ப்ளோயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ஒரு சனிக்கிழமை மாலை மூன்று வீட்டுக்கும் நேரில் போங்கள். நான் நர்ஸ், இந்தந்த நாள் காலையில் தூங்குவேன் என்று சொல்லி, உங்கள் பணி நாட்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மதியம் இரண்டுக்கு மேல் வரச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். மூன்று வீட்டு வேலையும் ஒரே நாளில் அமைந்தால் இன்னும் நல்லது, ஒரே ஆளிடம் மூன்று வீட்டையும் கொடுத்தால் அவருக்கும் பெட்ரோல் செலவு, அலைச்சல் மிச்சம், அதற்கு ஈடாக பாட்டரி ப்ளோயர் கொண்டு வரச் சொல்லிக் கேட்கலாம். 500 அடிச் சட்டம் இருக்கிறது என்பதையும் தன்மையாகச் சொல்லுங்கள், நிறையப் பேருக்குத் தெரியாது. ஒரு மாதம் பாருங்கள். அப்படியும் மாறாத வீட்டுக்கு மட்டும் 311.

பக்கத்து வீட்டு லானுக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் வாரத்துக்கு ஐந்து நாள், விடியற்காலை நான்கரைக்கு ஓடுகிறது. மழை கொட்டும்போதும் ஓடுகிறது. தண்ணீர் நடைபாதையில் வழிந்து தெருவோரமாக ஓடிச் சாக்கடையில் விழுகிறது. 2019-ல் சென்னையில் எங்கள் அம்மா நள்ளிரவில் லாரிக்குக் குடத்தோடு நின்றார். இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நான் சொன்னால் "என் காசு, என் தண்ணீர்" என்று சொல்வார்களோ என்று தயக்கம்.
– ஒரு வாசகர், டாலஸ்

2019 கோடையில் நான் அண்ணா நகரில் அக்கா வீட்டில் இருந்தேன். அவள் அரிசி கழுவிய தண்ணீரைக்கூட எடுத்து வைத்துச் செடிக்கு ஊற்றுவாள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அதைப் பார்த்துவிட்டு இங்கே திரும்பி வந்தவளுக்கு, சாக்கடைக்கு ஓடுகிற தண்ணீரைக் கண்டால் உங்களுக்கு எரிகிற மாதிரியேதான் எரியும்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடிப் புல்லுக்கு ஒரு அங்குலம் தண்ணீர் விட்டால் 623 கேலன், அதாவது கிட்டத்தட்ட 2,360 லிட்டர். 5,000 சதுர அடி லான் என்றால் 11,800 லிட்டர். நம்மூரில் தெருவை அடைத்துக்கொண்டு வருமே, 12,000 லிட்டர் பெரிய லாரி, அது முழுசாக ஒன்று. அவர் ஒரு தடவைக்கு அரை அங்குலம்தான் விடுகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஐந்து தடவைக்கு இரண்டரை லாரி. டெக்சாஸ் வெயிலிலும் புல்லுக்கு வாரத்துக்கு ஒரு அங்குலம் போதும், மழை பெய்த வாரத்தில் அதுவும் வேண்டாம். அமெரிக்காவில் வீடுகளுக்குப் போகிற தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோட்டத்துக்கே போகிறது என்கிறது இந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. தெளிக்கிற முறை சரியில்லாவிட்டால், தோட்டத்துக்கு விடுவதில் பாதி வரைக்கும் காற்றிலும் வெயிலிலும் வழிந்தும் வீணாகிறது என்றும் அதுவே சொல்கிறது. 2005-ல் கிறிஸ்டினா மிலேசி என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்த நாட்டு லான்களின் பரப்பை மதிப்பிட்டார்கள், சுமார் 1,63,800 சதுர கிலோமீட்டர் வந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,058 தான்.

சரி, "என் காசு" என்று சொல்வாரா? டாலஸில் அப்படிச் சொல்ல முடியாது. நகர விதிப்படி தானியங்கி ஸ்பிரிங்க்ளரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 நாள்தான் ஓட்டலாம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை கூடவே கூடாது. மழை பெய்யும்போது ஓட்டுவதும் தெருவில் வழிய விடுவதும் எப்போதுமே தப்பு. 311-ல் சொன்னால் நடவடிக்கை எடுப்பார்கள்.

ஆனாலும் முதலில் அவரிடம் போங்கள் என்றுதான் சொல்வேன், இதிலும் அதே கதைதான், நான்கரை மணிக்கு அவர் தூங்கிக்கொண்டிருப்பார். கராஜ் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், வீடு வாங்கிய நாளில் பில்டர் ஆள் வைத்துவிட்டுப் போன நேரம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், புதுப் புல் பதித்த முதல் சில வாரத்துக்கு மட்டும் வேண்டிய அளவு அது. ஒரு நாள் விடியற்காலை எழுந்து ஃபோனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். புல்லை வெட்டும்போது மோவர் சக்கரம் ஏறி ஏதாவது ஒரு ஸ்பிரிங்க்ளரின் தலை உடைந்திருக்கும், அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுமாதிரி மேலே கிளம்பி நேராக நடைபாதையில் விழும். அதைப் பக்கத்தில் போய் எடுங்கள். பார்த்த யாரும் அதற்குப் பிறகு சும்மா இருந்து நான் கண்டதில்லை, தண்ணீர் பில் அவருடையதுதானே.

இன்னொரு முக்கியமான விஷயம் மண். டாலஸ் மண் நம் கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் மாதிரியேதான், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் கை நுழைகிற மாதிரி வெடிக்கும். களிமண் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். இருபது நிமிடம் ஒரேயடியாக விட்டால் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் உள்ளே இறங்காது, மீதி ஓடிவிடும். ஐந்து நிமிடம் விட்டு, அரை மணி நேரம் கழித்து இன்னொரு ஐந்து, அப்புறம் இன்னொரு ஐந்து என்று வைத்தால் அத்தனையும் வேருக்குப் போகும். அந்தப் பெட்டியிலேயே இப்படி வைக்கலாம். மழை பெய்தால் தானாக நிறுத்துகிற உணரி ஒன்று கூரை ஓரத்தில் மாட்டியிருக்கும், பழசாகிப் போயிருந்தால் மாற்ற அதிகம் செலவாகாது. காலி மீன் டின் நான்கைப் புல்லில் அங்கங்கே வைத்து எத்தனை நிமிடத்தில் ஒரு அங்குலம் நிறைகிறது என்று நீங்களும் அவரும் சேர்ந்தே பார்க்கலாம்.

அவர் "அஸ்திவாரம் வெடிக்கும், அதனால்தான் விடுகிறேன்" என்று சொன்னால் அது பொய் இல்லை. இந்த மண் சுருங்கினால் வீட்டின் தளம் விரிசல் விடுவது நிஜம். ஆனால் அதற்குச் சுவரை ஒட்டி ஒரு கசிவுக் குழாய் போட்டால் போதும், லான் முழுக்க நனைக்க வேண்டியதில்லை.

நேப்பர்வில்லில் இருக்கிறோம். மன்னார்குடியிலிருந்து அப்பா வந்திருக்கிறார். நவம்பரில் எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாள் ப்ளோயர் வைத்து இலையைக் கூட்டி முப்பது காகிதப் பையில் கட்டி வைத்ததைப் பார்த்துவிட்டு, "இத்தனை எருவை ஏன் தூக்கிப் போடுகிறான்?" என்று தினமும் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, இல்லினாய்

அப்பா கேட்பது சரியான கேள்வி. உங்கள் மாநிலத்தில் ஒரு ஆறுதல் உண்டு, 1990 ஜூலையிலிருந்து இல்லினாயில் இலை, புல், கிளைகளைக் குப்பைமேட்டில் கொட்டக் கூடாது, அதனால் அந்தக் காகிதப் பைகள் மட்கு உரம் ஆக்கும் இடத்துக்குத்தான் போகும். நாடு முழுக்க அப்படி இல்லை. 2018-ல் அமெரிக்காவில் சேர்ந்த தோட்டக் கழிவு 3 கோடியே 54 லட்சம் டன், மொத்தக் குப்பையில் 12 சதவீதம். அதில் ஒரு கோடி டன்னுக்கு மேல் குப்பைமேட்டில்தான் புதைந்தது. உரமாகிற இலையையும் எங்கோ லாரியில் அனுப்பி, வசந்த காலத்தில் அதே வீட்டுக்காரர் கடையில் பிளாஸ்டிக் பையில் மட்கு உரம் வாங்கிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்கும் மனசு ஆறாது.

இலையை அள்ளாமல் விட்டால் புல் செத்துவிடுமா என்றால், ஈரமாகத் தடிப்பாகப் படிந்து கிடந்தால் சாகும், அது உண்மை. அதற்கு வழி மோவரையே இலை மேல் இரண்டு தடவை ஓட்டுவது. இலை பொடியாகிப் புல்லிடுக்கில் இறங்கிவிடும், பனி உருகும்போது பாதி மட்கியிருக்கும். அப்படியும் மிஞ்சுவதை மரத்தடியிலும் பூச்செடிப் பாத்தியிலும் அரை அடிக்கு மிகாமல் போட்டு மூடிவிடலாம். ஜூன் மாதம் உங்கள் வீட்டுப் பின்புறத்தில் மின்மினி பார்த்திருப்பீர்களே, அதன் புழுக்கள் குளிர்காலத்தைக் கழிப்பது மண்ணிலும் இலைச் சருகிலும்தான். லூனா என்று வெளிர்ப் பச்சையில் கை அகலத்துக்கு ஒரு அந்துப்பூச்சி உண்டு, அதன் கூடு இலையோடு சேர்ந்து தரையில் கிடக்கும், பையில் கட்டினால் அதுவும் சேர்ந்து போகும்.

அப்பாவை அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் அந்தப் பைகளில் பத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சந்தோஷமாகக் கொடுப்பார்கள். பின்புறத்தில் கம்பி வலையை நான்கு அடி வட்டமாக நிறுத்தி, ஒரு அடுக்கு இலை, ஒரு அடுக்கு சமையலறைக் காய்கறிக் கழிவு என்று போட்டுவர அப்பாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பையில் இலைதானா, வெட்டிய புல்லும் கலந்திருக்கிறதா என்று. களைக்கொல்லி அடித்த புல் கலந்திருந்தால் காய்கறிப் பாத்திக்கு வேண்டாம்.

முன்பக்கப் புல்லை எடுத்துவிட்டு அதிகம் தண்ணீர் வேண்டாத செடிகள் வைக்க ஆசை. ஆனால் கோடையில் லான் லேசாகப் பழுத்ததற்கே குடியிருப்போர் சங்கத்திலிருந்து பத்து நாள் கெடு வைத்துக் கடிதம் வந்துவிட்டது. புல் இல்லாமல் இருக்கச் சட்டம் விடுமா?
– ஒரு வாசகர், ஹூஸ்டன்

விடும் தம்பி. டெக்சாஸ் சொத்துச் சட்டத்தில் 202.007 என்ற பிரிவு இருக்கிறது. வறட்சி தாங்கும் செடிகளையும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் புல் வகைகளையும் சங்கம் தடுக்க முடியாது என்று 2013-ல் அதில் சேர்த்தார்கள். மழைநீர்த் தொட்டி, சொட்டுநீர், மட்கு உரத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் திட்டத்தை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கச் சொல்லலாம், அது அவர்கள் உரிமை. நியாயமில்லாமல் மறுக்கக் கூடாது, அவ்வளவுதான். நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள், கோபத்தில் ஒரு வார இறுதியில் புல்லைப் பெயர்த்துவிட்டு அப்புறம் சட்டம் பேசுகிறார்கள்.

நீங்கள் ஒரு தாளில் வரைந்து கொடுங்கள், எந்த இடத்தில் என்ன செடி, எவ்வளவு உயரம், நடுவில் நடக்க ஒரு கல் பாதை, ஓரத்தில் கரை கட்டுவது எதைக் கொண்டு என்று. கரையும் பாதையும் இருந்தால் இது வேண்டுமென்றே செய்த தோட்டம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், இல்லாவிட்டால் கவனிக்காமல் விட்ட மாதிரி தோன்றி, மறுபடி கடிதம் வரும்.

நீங்கள் தனி ஆளும் இல்லை. கலிபோர்னியாவில் வறட்சி அவசர நிலை இருக்கும்போது தண்ணீர் குறைத்ததற்காகச் சங்கம் அபராதம் போட முடியாது. மேரிலாந்தில் கொலம்பியா என்ற ஊரில் ஒரு தம்பதி புல்லுக்குப் பதில் நாட்டுச் செடிகள் வைத்ததற்காகச் சங்கத்தோடு வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள், கடைசியில் 2021-ல் அந்த மாநிலமே அப்படிப்பட்ட தோட்டங்களைக் காக்கச் சட்டம் போட்டது. லாஸ் வேகஸ் பகுதியில் 2027 முதல், யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்குக் கொலராடோ ஆற்றுத் தண்ணீரை விடவே கூடாது. சாலை நடுவே, அலுவலக வாசல், சங்கத்துப் பொது இடங்களுக்கு இது பொருந்தும், தனி வீடுகளுக்கு இல்லை. அங்கே ஒரு சதுர அடிப் புல்லை எடுத்துவிட்டுச் சொட்டுநீரில் செடி வைத்தால் வருடத்துக்கு 55 கேலன் மிச்சமாகிறது என்று தண்ணீர் வாரியம் கணக்குக் காட்டுகிறது. உங்கள் மனுவோடு இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

அதுவரை, உங்களுடையது பெர்முடா புல் என்றால் பழுத்திருப்பதற்காகப் பயப்பட வேண்டாம், தண்ணீர் குறைந்தால் அது உறங்கும், மழைக்குத் திரும்பத் தளிர்க்கும். செயின்ட் அகஸ்டீன் என்றால் அவ்வளவு தாங்காது, அதற்கு மட்டும் கொஞ்சம் கவனம் வையுங்கள்.

எடிசனில் எங்கள் வரிசை வீடுகளில் உரம் போட்டுவிட்டுப் போன பிறகு நடைபாதை முழுக்க வெள்ளை உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது. குழந்தை வெறுங்காலோடு ஓடுகிறாள்.
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

குழந்தையின் காலை உடனே கழுவிவிடுங்கள், செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லுங்கள். புல்லில் சின்ன அறிவிப்புக் கொடி குத்தியிருந்தால் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள், உரம் மட்டுமா, பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ கலந்ததா என்று தெரிந்துகொள்வது முக்கியம். உங்கள் மாநிலத்தில் 2011-ல் வந்த உரச் சட்டம் கண்டிப்பானது: நடைபாதையிலும் தெருவிலும் சிதறியதைத் திரும்பப் புல்லுக்கே கூட்டிவிட வேண்டும், பலத்த மழைக்கு முன்னால் போடக் கூடாது, வீட்டுக்காரர்கள் நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை போடவே கூடாது. லானிலிருந்து ஓடிய நைட்ரஜன் பார்னகட் விரிகுடாவில் பாசியாகப் பெருகித் தண்ணீரைக் கெடுத்ததுதான் அந்தச் சட்டம் வந்ததற்கு முக்கியக் காரணம். அதனால் குழாயைப் பிடித்து அடித்துவிடாதீர்கள், நேரே சாக்கடைக்கும் அங்கிருந்து ஓடைக்கும் போகும். துடைப்பத்தால் புல் மேல் தள்ளுங்கள். ஒரு ஃபோட்டோ எடுத்து உரம் போடுகிற கம்பெனிக்கும் சங்கத்துக்கும் அனுப்பி, சட்டத்தைக் குறிப்பிட்டு, அடுத்த முறை கூட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் மேலேயே புகார். அட்லாண்டா பக்கம் வீடு. "உங்கள் லான்காரர் சனிக்கிழமை ஏழு மணிக்கே ப்ளோயர் போடுகிறார், தயவுசெய்து கவனியுங்கள்" என்று யாரோ கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். நாம் இந்தியர் என்பதால்தான் இப்படி என்கிறார் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் அவமானமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, ஜார்ஜியா

உங்கள் கணவருக்கு அப்படித் தோன்றுவதை நான் தள்ளிவிட மாட்டேன், இங்கே சில அனுபவங்கள் பட்டவர்களுக்கு அந்த நினைப்பு முதலில் வரும். ஆனால் சீட்டில் தயவுசெய்து என்று இருக்கிறது, நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது. இந்தப் பக்கத்தின் முதல் கேள்வியில் லாஸ் ஏஞ்சலஸ் வாசகி பக்கத்து வீட்டுக்கு எழுத நினைத்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பார். இன்னொன்றையும் யோசியுங்கள், சீட்டு எழுதியவருக்கு வேறு வழி குறைவு. 2023-ல் ஜார்ஜியாவில் போட்ட சட்டப்படி, மின்சார ப்ளோயருக்கு ஒரு விதி, பெட்ரோல் ப்ளோயருக்கு ஒரு விதி என்று எந்த ஊராட்சியும் வைக்க முடியாது. டெக்சாஸிலும் அதே வருடம் இதே மாதிரி வந்தது. ஆக, அவரால் முடிந்தது உங்கள் கதவுக்கு வருவதுதான், வந்திருக்கிறார்.

வாசல் கேமரா இருந்தால் போன நான்கு சனிக்கிழமையைப் பாருங்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எவ்வளவு நேரம் ஊதினார்கள் என்று. பிறகு லான் கம்பெனியைக் கூப்பிட்டு ஒன்பதரைக்கு முன்னால் எந்திரம் ஓடக் கூடாது என்று சொல்லுங்கள். வெட்டிய புல்லை வாராமல் அப்படியே விடச் சொல்லுங்கள், அது மட்கினால் புல்லுக்கு வேண்டிய நைட்ரஜனில் கால்வாசி வரை அதிலிருந்தே கிடைக்கும், ஊதுகிற வேலையும் பாதியாகக் குறையும். வாசற்படியையும் நடைபாதையையும் துடைப்பத்தால் கூட்டச் சொல்லுங்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும் என்றால் அந்தப் பத்து நிமிடத்துக்கும் பணம் கொடுங்கள். பாட்டரி ப்ளோயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள், சில கம்பெனிகள் கேட்கிற வீட்டுக்கு மட்டும் அதைக் கொண்டு வருகிறார்கள்.

சீட்டு எழுதியவர் யாரென்று தெரியாதே என்று விட்டுவிட வேண்டாம். இரண்டு பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கணவரும் நீங்களும் சேர்ந்தே போங்கள். "உங்களில் யார் எழுதினீர்களோ தெரியாது, எங்களுக்குத் தெரியாமல் நடந்தது, நேரத்தை மாற்றிவிட்டோம், மறுபடி ஏழு மணிக்கு வந்தால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, ஃபோன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.